கூடலிங்கத்துக்குக் கரையான் பிடித்த கதை

கரப்பானுக்கு மருந்து வைத்தால் விடிவதற்குள் மல்லாந்துவிடும், மூட்டைப்பூச்சிக்கு ஒரு தடவை அடித்தால் போதாது, முட்டை பொரிந்து குஞ்சு வந்ததும் இன்னொரு தடவை அடிக்க வேண்டும், பேப்பர் குடோனுக்கு என்றால் பண்டல்களை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றுப் போகாமல் ஓரத்தில் மணல்மூட்டை அடுக்கி, உள்ளே மாத்திரையை வைத்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஆனால் கரையானுக்கு அடித்தால் மட்டும் எப்போது கேட்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள், அது அந்தக் கரையானுக்கே தெரியாது என்று, மருந்துக்காரர் ஆசீர்வாதம் எந்த வீட்டுக்குப் போனாலும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுத்தான் துளை போடும் மிஷினைக் கையில் எடுப்பார். வெயிலுகந்தாள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

சிவகாசியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மழைக்காலத்தில் எது ஓடை எது தெரு என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில், பசைக்காரத் தெரு என்று ஒன்று உண்டு. அச்சாபீஸ்களில் இருந்து வண்டி வண்டியாகக் காலண்டர் அட்டையும் தேதித்தாளும் வந்து இறங்கும், வீட்டுக்கு வீடு பெண்கள் மைதாவில் பசை காய்ச்சி, ராகுகாலம் எமகண்டம் சகிதமாக அடுத்த வருசத்தை அட்டையில் ஒட்டி அனுப்புவார்கள், அதனால் ஊர் உலகத்துக்கெல்லாம் முன்னாடியே அந்தத் தெருவுக்குப் புதுவருசம் வந்து, பழசாகியும் போய்விடும். பசை காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட வேண்டும் என்பது அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நீலமாக இருக்கும், விஷம், கையில் பட்டால் எரியும், ஆனால் போட்டால் பூச்சி அண்டாது. வெயிலுகந்தாள் வீட்டில் மட்டும் சில வருசமாகத் துத்தம் போடுவதில்லை. அதன் பலன், இந்த வருசம் பண்டலுக்கு அடியில் கரையான் ஏறி, ஒட்டி அடுக்கி வைத்திருந்ததில் தை மாசத் தாளில் ஆரம்பித்து ஆடித் தாள்வரைக்கும் தின்று தீர்த்துவிட்டது. "வர்ற வருசம் பாதி போச்சே மதினி, ஆடிக்கு மேலதான் நாம எல்லாம் உசுரோட இருப்பமா?" என்று தெரு சிரித்தது. அச்சாபீஸ்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து அடித்தால்தான் இனிமேல் வேலை என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால்தான் ஆசீர்வாதம் வந்தார்.

வந்தவர் சுவர் அடியோரம் முழுக்கத் துளை போட்டு, துளைக்குத் துளை மருந்தை இறக்கிக்கொண்டே போனார். கிழக்குச் சுவரோரம் மட்டும் ஒரு மர நாற்காலி போட்டு, வெயிலுகந்தாளின் புருசன் கூடலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காருறீகளா? இந்தச் செவத்துலதான் ஈரம் அதிகமா இருக்கு."

"நான் இங்கயே இருக்கேன் தம்பி. நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றார் கூடலிங்கம், அவருக்கே உரிய அந்தப் பதமான குரலில்.

"அவுகளுக்கு முட்டு வலி, எந்திரிக்க மாட்டாக. சுத்தி அடிச்சிருங்க," என்று அடுப்படியில் இருந்து சொன்னாள் வெயிலுகந்தாள்.

ஆசீர்வாதமும் சுற்றித்தான் அடித்தார். கடைசித் துளைக்காக நாற்காலிக்குப் பின்னால் குனிந்தபோது, சுவரில் இருந்து விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு இறங்கி, தரையில் ஓடி, நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு, கூடலிங்கத்தின் குதிகாலில் போய் முடிவதைப் பார்த்தார். கரையான் மண்ணைக் கண்டால் சுரண்டிப் பார்ப்பது தொழில்காரருக்குக் கை பழக்கம். திருப்புளியால் ஒரு தட்டுத் தட்டினார், குதிகால் அப்பளம் மாதிரி உடைந்து உள்ளே விழுந்தது. ரத்தம் இல்லை, எலும்பு இல்லை. வெள்ளை வெளேர் என்று ஆயிரக்கணக்கில் கரையான்கள், வேலை கெட்டுப்போன அவசரத்தில், வாயில் ஈரமண்ணோடு ஓட்டையை அடைக்க ஓடிவந்தன.

"யக்கா, அண்ணாச்சிக்கும் புடிச்சிருக்கு," என்றார் ஆசீர்வாதம், நிலைக்கதவுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் அதே குரலில்.

வெயிலுகந்தாள் கையில் இருந்த காப்பித் தம்ளர் கீழே விழுந்தது. கூடலிங்கமோ, கிழிந்த பனியனை யாரோ பார்த்துவிட்ட மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். அவள் கிட்டே போய், கதவைத் தட்டுவதுபோல அவர் நெஞ்சில் தட்டினாள். காலண்டரை வெளியே எடுத்த வெறும் பெட்டியைத் தட்டினால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் வந்தது.

"எப்ப இருந்துங்க?" என்று கேட்டாள்.

"ஓடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சே, அந்த ஐப்பசியில இருந்து," என்றார் அவர்.

அந்த ஐப்பசி அவளுக்கு மறக்குமா? அதற்கு முந்தின கூடலிங்கத்தை அந்தத் தெருவில் யாருக்குத்தான் மறக்கும்? அச்சாபீசில் கட்டிங் மாஸ்டர், நல்ல வாட்டசாட்டமான ஆள், கட்டிங் மிஷினில் ஒரே அழுத்தில் ஆயிரம் தாளை வெட்டுகிற கை. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பாத்திரம் உருளும், அப்புறம் சத்தம் வரும், அப்புறம் சத்தமே வராது, அந்த மூன்றாவதுதான் மோசம் என்று பக்கத்து வீட்டுச் செவனம்மா சொல்வாள். பிள்ளை இல்லை என்று அடித்தார், குழம்பில் உப்பு இல்லை என்று அடித்தார், காரணம் கிடைக்காத நாளில் ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று அடித்தார். வெயிலுகந்தாளுக்கு இடது காது மந்தமானது அப்படித்தான். பிறகு அந்த ஐப்பசியில் ஓடை வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது, அவருக்குக் காய்ச்சல் கண்டது, ஈரம் காயாத கிழக்குச் சுவரில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். காய்ச்சல் விட்ட ஒரு நாள் அவளைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் பயந்துபோய்ச் செவனம்மா வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

ரொம்ப நாள் அதை ஏதோ சூது என்றுதான் நினைத்தாள். அவர் மறுபடியும் மறுபடியும் சாப்பிட்டியா என்று கேட்டார், மழை வருகிறது துணியை எடு என்றார், ஒருநாள் அவள் பசைச் சட்டியோடு உட்கார்ந்திருந்தபோது, "துத்தம் போடாத, கை எரியுதுல்ல," என்றார். அன்றைக்குத்தான் அவள் நம்பினாள். மனுசர் திருந்திவிட்டார் என்று கோயிலில் சொன்னாள், தெருவில் சொன்னாள், தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, கல்லைப் பெயர்க்கிற மாதிரி, அவரை மன்னித்தாள். சோறு கம்மியாகத்தான் சாப்பிடுவார், இடையில் பசை கொஞ்சம் கொடு என்று கேட்பார், வயசானால் நாக்கு இப்படித்தான் என்னத்தையாவது கேட்கும் என்று ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கொடுப்பாள். இப்போது அந்த வெறும் பெட்டிக்கு முன்னால் நிற்கையில் ஒரே ஒரு கேள்விதான் அவளைக் குடைந்தது. அத்தனை சிரமப்பட்டு அவள் மன்னித்தது யாரை?

விசயம் மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரு முதலில் அதிர்ந்தது, அடுத்ததாக ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தது. கரையான் பிடித்த மனுசரிடம் என்ன கேட்பது என்று முறை ஒன்றும் இல்லாததால், "இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றே எல்லோரும் கேட்டார்கள். "நல்லா இருக்கோம்," என்றார் கூடலிங்கம். பெண்சாதியையும் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், உள்ளே ஒருத்தர் இருக்கிற மாதிரி இல்லை, நிறையப் பேர் வேலை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை வந்தது. புற்று என்று இருந்தால் பால் ஊற்றாமல் இருக்கலாமா என்று நாலைந்து பெண்கள் மஞ்சள் குங்குமம், பால், முட்டையோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். பாம்பு இல்லாத புற்றுக்கு எதற்கு முட்டை என்று அதில் ஒருத்திக்குச் சந்தேகம். "பால் வேண்டாம் தாயி, சிரமப்படாதீக. பழைய பேப்பர் இருந்தா கொஞ்சம் கொண்டாங்க," என்று கூடலிங்கம் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

பாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன பெண்கள் அதோடு விடவில்லை. மனுசரைக் கரையான் தின்றுவிட்டது என்பதில் அவர்களுக்கு அதிர்ச்சி இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் தின்ற பிறகு வந்த கூடலிங்கத்தைத்தானே இத்தனை வருசமாக, உன் புருசனைப் பார், என் புருசனைப் பார் என்று வீட்டில் எடுத்துக்காட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்! முதலில் செவனம்மா தூக்குவாளியோடு கொல்லைப்பக்கமாக வந்தாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. அந்தச் செவத்துல இருந்து ஒரு கை மண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"எங்க வீட்டுச் செவரும் ஈரமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் செவனம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், இன்னொருத்திக்குப் பின்னால் அடுத்த தெருவில் இருந்தும் வந்தார்கள், கிழக்குச் சுவர் இடுப்பு உயரத்துக்குச் சுரண்டப்பட்டது. பசைக்காரத் தெருவில் அதுவரை புருசனுக்கு நாற்காலி எடுத்துப் போடாத பெண்கள் எல்லாம், இங்கே உட்காருங்க, காற்று நன்றாக வரும் என்று சுவரோரமாகப் போட ஆரம்பித்தார்கள். ஆண்களுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. புரிந்ததும் அவர்களுக்கு வந்த நடுக்கம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. வீட்டு நடுவில் இரும்புக் கட்டில் போட்டுப் படுத்தார்கள், சாப்பாட்டுத் தட்டை மோந்து பார்த்தார்கள், குளிக்கும்போது ரகசியமாக முழங்காலைத் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டார்கள். பயத்தில் குரலும் தணிந்தது. அந்த நாட்களில் அந்தத் தெருவில் ஒரு பாத்திரம்கூட உருளவில்லை.

தெருச் சங்கத்தின் தலைவர் குருநாதன் கூட்டம் போட்டார். சங்க மண்டபத்தில் ஆண்கள் எல்லாம் சுவரைத் தொடாமல் நட்டநடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இதை இப்படியே விட்டால் வெளியில் தலைகாட்ட முடியாது, தெரு முழுக்க மருந்து அடிக்க வேண்டும் என்று முடிவானது. ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு, எப்போது கேட்கும், எப்போது கேட்கும் என்று எல்லோரும் ஒரே குரலாகக் கேட்டார்கள். அவர் கரப்பானில் ஆரம்பித்து மூட்டைப்பூச்சி, குடோன் என்று வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கரையானில் கையை விரித்தார்.

அவர் வெளியே வரட்டும் என்று மண்டப வாசலில் வெயிலுகந்தாள் காத்திருந்தாள். அவள் கேட்க வந்தது வேறு.

"தம்பி, ஊத்துன மருந்தத் திருப்பி எடுக்க முடியுமா?"

"ஊத்துனது ஊத்துனதுதான்க்கா. மண்ணோட ஒட்டிக்கிரும்."

"செவரு பூராவும் தண்ணி ஊத்திக் கழுவிப் பாத்தேனே."

"கழுவுனாலும் போகாது. வெறும் விஷம்னா குடிச்ச ஒடனே நாலு சாகும், மத்ததெல்லாம் உசாராயிரும். இது அப்படி இல்ல. குடிச்சதே அதுக்குத் தெரியாது. நேரா வீட்டுக்குப் போகும், பசிக்கிதுன்னு நிக்கிறதுக்கு வாயில இருந்து எடுத்து ஊட்டும், அது இன்னொண்ணுக்கு ஊட்டும். ஊட்ட ஊட்டத்தான் சாகும். ஊட்டாத பூச்சியா இருந்தா இந்த மருந்து கேக்கவே கேக்காது."

"எத்தன நாளு ஆகும்? அதயாவது சொல்லுங்க தம்பி."

"ஒரு மாசம்பாக, மூணு மாசம்பாக. புத்து எவ்வளவு பெருசுங்கிறதப் பொறுத்தது." ஆசீர்வாதம் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறுதல் சொல்கிற நினைப்பில், "அண்ணாச்சி நல்ல வாட்டசாட்டம்," என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் புது மைதாவில் பசை காய்ச்சினாள். துத்தம் இல்லாமல், கட்டி தட்டாமல், சுத்தமான சட்டியில் காய்ச்சி ஆறவைத்து, நல்ல தீனி வயிறு நிறையக் கிடைத்தால் ஒன்று இன்னொன்றின் வாயை எதிர்பார்க்காது என்ற கணக்கில், வேளைக்கு வேளை அவருக்கு ஊட்டினாள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவள் ஒரு ஆளுக்குக் கையால் ஊட்டியது அதுதான் முதல் தடவை. ஆனால் நிறைந்த வயிறும் ஊட்டத்தானே செய்யும். நாற்காலிக்கு அடியில் செத்த கரையான்கள் உதிர ஆரம்பித்தன. அவளுக்கு விளக்குமாற்றை எடுக்க மனசு வரவில்லை, காலண்டர் அட்டையை வைத்து மெதுவாகத் தள்ளி எடுத்தாள். ஒருநாள் தம்ளரை வாங்கும்போது அவருடைய சுண்டு விரல் உதிர்ந்து காப்பிக்குள் விழுந்தது. இன்னொரு நாள் புரட்டாசி என்ற பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை, அடுத்த நாள் சிவகாசி என்ற பெயரும் போய்விட்டது. மீதி இருக்கிறவை போவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, ஒரு சாயங்காலம் அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"துத்தம் போடாத, கை எரியும்னீகளே. அது எனக்காகச் சொன்னதா, உங்க வயித்துக்காகவா?"

அவருக்கு உள்ளே கலந்து பேசுகிற சத்தம், நெல்லைக் கொட்டுகிற மாதிரி லேசாகக் கேட்டது.

"பொய் சொல்லக் கூடாது. மொதல்ல வயித்துக்காகத்தான் சொன்னோம். துத்தம் எங்களுக்கு ஆகாது. ஆனா அன்னிக்கு நீ கையத் திருப்பித் திருப்பிப் பாத்த. உனக்குக் கை இருக்கிறதே அன்னிக்குத்தான் தெரிஞ்ச மாதிரி பாத்த. அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் உனக்காகத்தான்."

வெயிலுகந்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, கேட்கப் பயந்துகொண்டே இருந்த அடுத்ததையும் கேட்டாள்.

"அவுக எங்க? முழுசாத் தின்னுட்டீகளா?"

"முழுசா முடியல தாயி. நடுவுல வைரம் பாஞ்ச கட்ட ஒண்ணு கெடக்கு. எத்தனையோ பேரு போய்க் கடிச்சுப் பாத்தோம், பல்லு எறங்கல. சும்மாவும் கெடக்கல, அன்னியில இருந்து இன்னிவரைக்கும் கத்திக்கிட்டேதான் கெடக்கு. சத்தம் வெளிய வந்துறாம நாங்க சுத்தி நின்னு அடைச்சுக்கிட்டு இருக்கோம். கை தூக்கும், நாங்க சேந்து புடிச்சுக்கிருவோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரைக் கரையான் தின்றுவிட்டது தெரிந்தபோதுகூட அவள் இப்படி ஆடிப்போகவில்லை. அவர் சாப்பிட்டியா என்று கேட்ட ஒவ்வொரு வேளையும், அதே நெஞ்சுக்குள், ஒரு சாண் ஆழத்தில், அந்தப் பழைய குரல் அவளைத் திட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அவள் அந்த நெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கியும் இருக்கிறாள்.

"நீங்கள்லாம் செத்துப்போனா?" என்று கேட்டாள்.

"அதச் சொல்லத்தான் இருந்தோம். நீ எங்கயாவது போயிரு. புடிச்சு நிக்கிறதுக்கு எங்களுக்கு இப்ப ஆள் பத்தல."

அவள் போகவில்லை. துணிமணியை ஒரு பையில் எடுத்து வைத்தாள், பையோடு வாசல்வரை போனாள், திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டுப் பசை காய்ச்சினாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் சாவுப் படுக்கையில் ஒருத்தர் கிடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு போக அவளுக்கு வரவில்லை.

இதற்குள் தெருவில் இன்னொன்று நடந்தது. பெண்கள் வாளியில் வாங்கிப்போன மண்ணில் ஏற்கனவே மருந்து ஊறியிருந்தது. எந்த வீட்டிலும் கரையான் ஏறவில்லை, எந்தப் புருசனுக்கும் பிடிக்கவில்லை. தட்டிப் பார்த்த முழங்காலெல்லாம் கெட்டியாகவே இருந்ததில் ஆண்களுக்கு உயிர் வந்தது. "மருந்து கேக்குதுல்ல!" என்று குருநாதன் மீசையைத் தடவினார். இரும்புக் கட்டில்கள் பழைய இடத்துக்குப் போயின, குரல்களும் பழைய உயரத்துக்குப் போயின. ஒருநாள் சாயங்காலம் செவனம்மா வீட்டில் ஒரு குண்டான் உருண்ட சத்தம் கேட்டது. வெயிலுகந்தாள் வீட்டு வாசலில் அன்றாடம் ஆண்கள் வந்து எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார்கள். பெண்களும் வந்து பார்த்தார்கள், ஆனால் அளக்கவில்லை.

மருந்து கேட்டது ஒரு பட்டப்பகலில். வெயிலுகந்தாள் அவருக்கு ஒரு கவளம் பசை எடுத்து நீட்டினாள், அவர் வாயைத் திறந்தார், வாய் மூடவில்லை. "சாப்..." என்று ஆரம்பித்தார், மீதியைச் சொல்ல உள்ளே யாரும் இல்லை. கன்னம் முதலில் உள்ளே விழுந்தது, தோள் சரிந்தது, சட்டைக்குள் இருந்து பொலபொலவென்று மண்ணும் பொடியுமாக மடியில் கொட்டி, மடியில் இருந்து தரையில் கொட்டி, நாற்காலியில் வெறும் வேட்டி சட்டை மட்டும் மிஞ்சியது. அவள் போட்ட அலறலில் தெரு திரண்டு வாசலுக்கு வந்துவிட்டது. அந்த மண்குவியல் அசைந்தது. அதற்குள் இருந்து, முழங்கால் உயரத்துக்கு, கரேல் என்று, அடுப்பில் வைத்தாலும் பற்றாத கட்டையாக ஒரு கூடலிங்கம் எழுந்து நின்றார். மீசை உட்பட அத்தனையும் சின்னதாக இருந்தது, குரல் மட்டும் சின்னதாக இல்லை.

"ஏய்! எவடி அவ, என்னைய இம்புட்டு நாளா மண்ணுக்குள்ள போட்டு வச்சவ? கூப்பிடக் கூப்பிட என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? சோத்தப் போடுடி!"

அந்தக் குரலுக்கு வெயிலுகந்தாளின் உடம்பு பழைய வழக்கப்படி ஒடுங்கியது, கை தானாகத் தலைக்கு மேலே மறைப்புக்குப் போனது. அப்படியே, கையைத் தூக்கியபடியே, அவரைக் குனிந்து பார்த்தாள். அவர் அடிக்கக் கையை ஓங்கியிருந்தார், அந்தக் கை அவள் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. இதுவா? இத்தனை வருசம் சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல், காதைப் பறிகொடுத்து அவள் பயந்ததெல்லாம் இதற்கா? பூசி மெழுகிச் சொல்ல ஒன்றும் இல்லை, அவளுக்கு ஆத்திரம்கூட வரவில்லை, அப்படியொரு அதிர்ச்சி. வாசலில் நின்ற ஆண்களில் யாரோ ஒருத்தர், மருந்து கேட்டுவிட்டது என்று சந்தோசமாகச் சொல்ல வந்து, பாதியில் விழுங்கிக்கொண்டார்.

வெயிலுகந்தாள் கையைக் கீழே இறக்கினாள். அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போய், மண்குவியலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். செத்துக் கிடந்த கரையான்களை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினாள், உள்ளங்கையில் அவை தவிடுபோல லேசாக இருந்தன. "என் ராசா, ஊட்டி ஊட்டியே போயிட்டீகளே," என்று ஆரம்பித்தவள், மாரில் அடித்துக்கொண்டு, தெருவே கேட்க ஒப்பாரி வைத்தாள். வைத்துக்கொண்டே கழுத்தில் கையை விட்டுத் தாலிக்கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, அந்த மண்ணின் மேல் வைத்தாள்.

புருசன் கண்ணெதிரே நின்று கத்திக்கொண்டிருக்கும்போது தாலியைக் கழற்றிய பெண்ணை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. செவனம்மாதான் முதலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்து வெயிலுகந்தாளின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவளும் குரலெடுத்து அழுதாள். பின்னாலேயே மற்றப் பெண்கள் வந்து, சாவு வீட்டில் உட்காரும் முறைப்படி அந்த மண்ணைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். கட்டைக்கு உள்ளே வர வழியில்லை. அது வட்டத்துக்கு வெளியே ஓடி ஓடி, முதுகுகளுக்கு நடுவே தலையை நீட்டி, "நான் உசுரோடதான்டி இருக்கேன்! அறிவு கெட்டவளே, இங்க பாருடி!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

வெயிலுகந்தாள் அழுகையை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னே பின்னே தெரியாத ஒருத்தரைப் பார்ப்பதுபோல அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? எழவு வீட்டுல வந்து சத்தம் போடாதீங்க," என்றாள்.